கடலிற் கவர்ந்த பொருளும் கரையிற் செய்த சத்தியமும்

வாணிபஞ் செய்வார்க்கு முதலும் சரக்கும் எத்துணை இன்றியமையாதனவோ, அத்துணை இன்றியமையாதது சாட்சியமாம். கணக்கும் கைச்சாத்தும் இல்லாதவன் வழக்கு மன்றேறி நில்லாது என்பதை நம் சங்கத்து அன்பர்கள் நன்கறிவர். ஆயின், ஆணையிட்டுச் சொல்லப்பட்ட சாட்சியமும் ஒரு பக்கத்தாருடையதாகவே இருப்பின் யாது விளையும் என்பதைச் சிலரே எண்ணிப் பார்த்திருப்பர். அதனை விளக்குதற்குப் பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒல்லாந்து தேசத்திலே நடந்த கடல் வழக்கொன்றை ஈண்டு எடுத்துரைப்பாம்.

1603ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் 25ஆம் நாள், சிங்கப்பூர்த் தீவுக்குக் கிழக்கே, போர்த்துக்கேசியரது 'சாந்தா கத்தரீனா' என்னும் பெருங்கப்பல், மக்காவினின்று மலாக்காவுக்குச் செல்லும் வழியில் நங்கூரமிட்டு நின்றது. ஒல்லாந்தரின் தலைவன் யாகோப் வான் ஹீம்ஸ்கெர்க் என்பான் ஜோகூர் நாட்டார் துணையுடன் அதனை வளைத்துக்கொண்டான். மரக்கலம் மூழ்கிச் சரக்குக் கெடாவண்ணம் பாய்களையே குறி வைத்துச் சுட்டனர் என்ப. பகல் முழுதும் போர் நிகழ்ந்த பின், உயிர்க்கு அபயம் பெற்றுக் கப்பலையும் பொருளையும் ஒப்புவித்துப் போர்த்துக்கேசியர் பணிந்தனர். சீனப் பட்டும், பீங்கானும், பொன்னும், கஸ்தூரியும், சர்க்கரையும் ஆகிய அச்சரக்கு ஆம்ஸ்டர்டாம் நகரில் ஏலமிடப்பட்டபோது, ஏறக்குறைய 35 இலட்சம் கில்டர் தேறிற்று.

பொருள் வந்தது, அதனோடு ஐயமும் வந்தது. ஹீம்ஸ்கெர்க் படைத்தலைவனல்லன், வாணிகச் சங்கத்தாரின் ஊழியன். தற்காப்புக்கும், தனக்கு நேர்ந்த நட்டத்துக்கு ஈடு பெறுதற்கும் அன்றி வேறெதற்கும் படைவலி காட்ட அவனுக்கு அனுமதியில்லை. பங்குதாரர் சிலர், இத்தகைய பொருளில் பங்கு கொள்ளுதல் தருமமோ என்று மனங்கூசினர். ஆகவே, அது நியாயமான போர்க் கொள்ளையா, வெறுங் கடற்கொள்ளையா என்பதை ஆம்ஸ்டர்டாம் அட்மிரால்டி மன்றம் தீர்மானிக்க வேண்டியதாயிற்று.

உரிமை கோருவோர் வந்து வாதிடலாம் என்று மன்றத்தார் அறிவித்தனர். ஒருவரும் வந்திலர். எங்ஙனம் வருவர்? போர்த்துக்கல் அன்று ஸ்பானிய மன்னன் ஆட்சிக்குட்பட்டது. அம்மன்னனோடு ஒல்லாந்தர் போர் புரிந்துகொண்டிருந்தனர். சரக்குக்குடையவன் பகைவன் ஊர் மன்றத்தில் வந்து நிற்றல் எளிதோ? ஒல்லாந்தர் தரப்பிலோ சான்றுகள் நிரம்ப இருந்தன. 1601ஆம் ஆண்டில் மக்காவில் தம் மாலுமியர் பதினெழுவர் கொல்லப்பட்டமையை எடுத்துக் காட்டினர். அது மெய்யே நிகழ்ந்த கொடுமை. 1604ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில், கப்பலும் சரக்கும் கைப்பற்றினோர்க்கே உரியன என்று மன்றம் தீர்ப்பளித்தது.

தீர்ப்புப் பெற்றும் வணிகர் மனம் அமைந்திலது. உலகமும் ஒப்புக்கொள்ளல் வேண்டுமென்று கருதி, ஹியூகோ குரோஷியஸ் என்னும் இளம் நியாயவாதியை நாடினர். அவருக்கு அப்பொழுது வயது இருபத்தொன்று. கீழ்த்திசைக் கடலிற் சென்று மீண்ட மாலுமியரும் வணிகரும் போர்த்துக்கேசியர் இழைத்த தீங்குகளைக் குறித்துச் சத்தியஞ் செய்து கொடுத்த வாக்குமூலங்களைத் திரட்டி, அவ்வாண்டு அக்டோபரில் அவருக்கு அனுப்பினர். அவற்றைக் கொண்டு அவர் ஒரு பெருநூல் எழுதினார். அதன் ஓர் அதிகாரமே 1609இல் 'சுதந்திரக் கடல்' என்னும் பொருள்படும் பெயருடன் ஆசிரியர் பெயரின்றி வெளிவந்தது. கடல் எவர்க்கும் உடைமையன்று. கீழ்த்திசை நாடுகளுக்குத் தத்தம் அரசர் உளர். அவர்களோடு வாணிபஞ் செய்வாரைத் தடுக்கப் போர்த்துக்கேசியர்க்கு உரிமையில்லை என்பது அதன் கருத்து. எஞ்சிய பெருநூல் கையெழுத்துப் படியாகவே கிடந்து, 1868இல்தான் அச்சேறிற்று.

சீரிய கொள்கைதான். ஆயின் சொன்னவர்கள் அதன்படி நின்றனரா? 1613இல் இலண்டனில் நிகழ்ந்த பேச்சில், கீழ்த்திசை வாணிபத்தில் தம்மை ஒல்லாந்தர் தடுப்பதாக முறையிட்ட ஆங்கிலேயர், அந்நூலின் வாசகங்களையே எடுத்துக்காட்டி வாதிட்டனர். எதிரே அமர்ந்திருந்த ஒல்லாந்துத் தூதுக் குழுவினருள் குரோஷியஸும் ஒருவர்! நம் கரையிலும் அக்கதையே. 1610இல் பழவேற்காட்டில் வாணிபச் சாலை அமைத்து, 1658இல் தூத்துக்குடியையும் நாகப்பட்டினத்தையும் போர்த்துக்கேசியரிடமிருந்து கைப்பற்றிய ஒல்லாந்தர், தம் சீட்டுப் பெறாது கடலோடலாகாது என்று நம் நாட்டுக் கப்பலுடையாரைக் கட்டாயப்படுத்தினர். போர்த்துக்கேசியர் செய்ததும் இதுவே அன்றோ?

மாலுமியர் பொய்யாணை இட்டனர் என்று யாம் கூறவில்லை. மக்காவில் மாண்டோர்க்காக அவர்கள் நெஞ்சு நொந்தது மெய்யாகலாம். குறை அவர்தம் சத்தியத்திலன்று. மறுத்துரைக்க எதிர்வாய் இல்லாத மன்றத்திலேதான் உள்ளது. ஒருவன் தான் பட்ட தீங்கை மெய்யாகவே சொல்லலாம். அம்மெய்யைக் கொண்டு, தான் கவர்ந்த பொருளையும் நியாயமாக்கிக் கொள்ளலாம்.

அன்பர்காள்! நம் குலத்தாரிடையே பாகவழக்கும் பங்குவழக்கும் எழுங்கால், சங்கத்துப் பெரியோர் இதனை நினைவிற் கொள்வாராக. முன்வந்து ஆணையிடுவான் சொல்லை மட்டும் கேட்டு முடிவு கூறற்க. வாராதவன் ஏன் வந்திலன் என்று வினவுக. வரவியலாத கைம்பெண்டிர்க்கும், தொலைதூரத்தில் உள்ளார்க்கும் ஆளனுப்பிக் கேட்பிக்க. இருபுறமும் கேட்ட பின்னர்ச் சொல்லும் சொல்லே தீர்ப்பாகும். ஏனையது வென்றவன் எழுதிக்கொண்ட ரசீதேயாம்.