பிணைப்பு

‘பிணை’ என்னும் வினையடியில் பிறந்த பெயர்ச்சொல். பிணைதல், ஒன்றோடொன்று சேர்தல். பிணைத்தல், சேர்த்துக் கட்டுதல். வெள்ளிமலையும் அதைச் சுற்றிய கல்வராயன் மலை ஊர்களும் சாமை விளையும் மண். அங்கே களத்தில் பரப்பிய சாமைக் கதிரை மிதிக்க, மாடுகளைக் கழுத்தோடு கழுத்தாகக் கயிற்றில் கட்டி ஓட்டுவது பிணையல். நீதிமன்றத்துப் பிணையும் இந்த வேர்தான்.

வேதியியலில், அணுக்களைச் சேர்த்து நிறுத்தும் விசை. நீர் மூலக்கூறுக்குள் ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் எலக்ட்ரான்களைப் பங்கிட்டுக்கொள்வது சகப்பிணைப்பு. அதை அறுக்க மோலுக்கு ஏறக்குறைய 460 கிலோஜூல் வேண்டும். பக்கத்து மூலக்கூறை இழுத்துப் பிடிக்கும் ஹைட்ரஜன் பிணைப்புக்குச் சுமார் 20 போதும். உலை கொதிக்கும்போது அறுவது இந்த இரண்டாவதுதான், ஆவியும் நீரே. பாடம் நடத்துவோர் இரண்டையும் பிரித்துச் சொல்லுங்கள்.