கட்டியை எடுப்பதும் சூலகத்தை எடுப்பதும்

சூலகத்தில் கட்டி என்று ஸ்கானில் தெரிந்துவிட்டால் யாழ்ப்பாணத்து வீடுகளில் முதலில் எழுகிற கேள்வி, "வெட்டியோ எடுக்கிறது, ஓட்டை போட்டோ?" என்பதுதான். தழும்பு, பெரியாஸ்பத்திரி வார்ட்டில் கிடக்க வேண்டிய நாட்கள், குமர்ப்பிள்ளை என்றால் நாளைக்குப் பேசிவரப் போகும் கலியாணம் எல்லாம் அந்தக் கேள்விக்குள் இருக்கின்றன. ஆனால் அதற்கு முன் கேட்க வேண்டியது ஒன்றுண்டு. எடுக்கப்போவது கட்டியை மட்டுமா, சூலகத்தோடு சேர்த்தா? தோலில் விழும் கீறல் ஒன்றாகவே இருந்தாலும் இவை இரண்டும் வெவ்வேறு சத்திரசிகிச்சைகள்.

சூலகத்தோடு எடுப்பதே மூத்தது. 1809 டிசம்பரில் அமெரிக்காவின் கென்ரக்கியில் எஃப்ரைம் மக்டவல் என்ற மருத்துவர், ஜேன் ரொட் குரோஃபோர்ட் என்ற பெண்ணின் வயிற்றைத் திறந்து ஏறத்தாழ 10 கிலோ கட்டியை எடுத்தார். மயக்க மருந்து இல்லாத காலம். 25 நிமிடத்தில் முடிந்தது. அந்தப் பெண் அதன் பிறகு 32 ஆண்டுகள் உயிரோடு இருந்தார். அன்று சூலகத்தின் காம்பை நூலால் கட்டி அறுத்தெடுப்பதைத் தவிர வேறு வழியில்லை. மானிப்பாயில் பணிபுரிந்த மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீனின் 'இரணவைத்தியம்' என்ற சத்திரசிகிச்சை நூல் தமிழில் வெளிவந்த 1867ஆம் ஆண்டில்தான், காயத்தைக் கிருமிகளிலிருந்து காக்கும் முறையை ஜோசப் லிஸ்ரர் 'லான்செற்' இதழில் எழுதினார். அதற்கு முன் வயிறு திறக்கப்பட்டவர்களில் பலரைக் கொன்றது பின்னால் வந்த கிருமித்தொற்று. விரைவாகத் திறந்து, முழுதாக எடுத்து, விரைவாக மூடுவதே அன்றைய நியாயம். "இருந்தால் திரும்ப வரும், ஒரேயடியாய் எடுத்துப் போடுங்கோ டொக்டர்" என்று இன்றைக்கும் தாய்மார் சொல்லும்போது, காலம் கடந்துபோன அந்த நியாயமே பேசுகிறது.

கட்டியை மட்டும் எடுப்பது பொறுமை வேண்டும் வேலை. சூலகத்தின் மேல்தோலை மெல்லக் கீறி, பலாச்சுளைக்குள்ளிருந்து கொட்டையை எடுப்பதுபோலக் கட்டியை அதன் சுவரோடு உரித்தெடுக்கிறார்கள். தோல், மயிர், சிலவேளை பல்கூட உள்ளே வளர்ந்திருக்கும் டேர்மொயிட் கட்டிகள் பெரும்பாலும் இப்படி அழகாகக் கழன்றுவரும். இளம் பெண்களில் இவை அதிகம். சிலருக்கு இரண்டு பக்கமும் வரும். இன்று ஒரு பக்கச் சூலகத்தை முழுதாக எடுத்துவிட்டு, நாளை மறுபக்கத்திலும் கட்டி வந்தால் அந்தப் பிள்ளையின் கதி என்ன என்பதை நினைத்தால், உரித்தெடுக்கும் முறையின் பெறுமதி விளங்கும்.

அதற்கும் விலை இருக்கிறது. கருப்பை உட்சுவர் போன்ற இழையம் சூலகத்தில் வளர்ந்து, பழைய இரத்தம் தேங்கி உருவாகும் 'சொக்லேட்' கட்டியின் சுவர் நல்ல இழையத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும். உரிக்கும்போது சூல்முட்டைகளும் சேர்ந்து போகும். இரத்தத்தை நிறுத்தச் சூடு வைத்தால் இன்னும் போகும். ஆகையால் பிள்ளைக்குக் காத்திருக்கும் பெண், இந்தக் கட்டிக்கு ஒப்பரேசன் செய்ய முன் முட்டைக் கையிருப்பைப் பற்றி நிபுணரோடு பேசியே ஆக வேண்டும். கட்டி மீண்டும் வரும் வாய்ப்பும் இந்த முறையில் உண்டு.

சூலகத்தை எடுப்பதே சரியான இடங்களும் உள்ளன. மாதவிடாய் நின்றவருக்கு, ஸ்கானில் திண்மப் பகுதிகளும் வயிற்றில் நீரும் தெரிந்து, இரத்தத்தில் சிஏ-125 என்ற குறிகாட்டியின் அளவும் ஏறியிருந்தால், கட்டியை உடையாமல் சூலகத்தோடு முழுதாக எடுக்க வேண்டும். புற்றுநோயாக இருந்து உள்ளே உடைந்தால் நோயின் படிநிலையே ஏறிவிடும். ஆனால் இளம் பெண்ணுக்குச் சிஏ-125 மட்டும் ஏறியிருப்பது புற்றுநோய்க்குச் சான்றல்ல. சொக்லேட் கட்டியிலும் அது ஏறும். ஒரு சூலகம் போனாலும் மற்றது நன்றாக இருந்தால் மாதவிடாய் வரும், பிள்ளையும் பிறக்கும். இரண்டும் இளவயதில் போனால் மாதவிடாய் அன்றோடு நின்று, உடல் தகிப்பும் எலும்புத் தேய்வும் தொடங்கும். இந்த இரண்டு நிலைகளையும் ஒன்றாக எண்ணி ஒருத்தியை மலடி என்று பேசுவது பெரும் அநியாயம்.

வெட்டா ஓட்டையா என்பதைப் பிறகு பார்க்கலாம். வயிற்றுக்குள் காபனீரொட்சைட்டு வாயுவை நிரப்பி, தொப்புள் வழியே கமராவை விட்டுச் செய்யும் லப்பரஸ்கோப்பியில் நோவு குறைவு, வீடு திரும்புவதும் வேகம். 1990 முதல் பல ஆண்டுகள் போரினால் மின்சாரமே இல்லாதிருந்த யாழ்ப்பாணக் குடாநாட்டில் அதை நினைத்தும் பார்த்திருக்க முடியாது. திறந்து செய்வது தரம் குறைந்ததல்ல. மிகப் பெரிய கட்டிக்கும் புற்றுநோய்ச் சந்தேகத்துக்கும் அதுவே பாதுகாப்பு. இரண்டு வழியாலும் கட்டியை மட்டும் எடுக்கலாம், சூலகத்தையும் எடுக்கலாம்.

எந்தச் சத்திரசிகிச்சையும் வேண்டாத கட்டிகளும் ஏராளம். மாதவிடாய் வரும் வயதில் 5 சென்ரிமீற்றருக்குள் இருக்கும் வெறும் நீர்க்கட்டி, பெரும்பாலும் இரண்டு மூன்று மாதச் சுழற்சியில் தானாக வற்றும். திடீரென ஒரு பக்கம் தாங்கமுடியாத நோவும் வாந்தியும் வந்தால் மட்டும் காத்திருக்கக் கூடாது. சூலகம் முறுகியிருக்கலாம், அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். கறுத்துத் தெரியும் சூலகமும் நேரத்தோடு முறுக்கை எடுத்துவிட்டால் பெரும்பாலும் பிழைக்கும்.

சம்மதப் படிவத்தில் கையொப்பமிட முன் சம்பந்தப்பட்ட பெண்ணே வாய்திறந்து கேட்கட்டும்: கட்டியை மட்டுமா, சூலகத்தையுமா? உள்ளே பார்த்தபின் முடிவு மாறினால் எதுவரை எடுப்பீர்கள்? வீட்டுக்கு வந்தபின் எடுத்த கட்டியின் இழையப் பரிசோதனை அறிக்கையைக் கிளினிக்கில் தவறாமல் கேட்டு வாங்கி, பத்திரமாக வைத்திருங்கள்.