பதுவை நகரும் கடன்பட்டோரும்

உரோமைத் திருப்பயணம் மேற்கொள்ளும் நம் மக்களுள் பலர், வெனிஸ் நகருக்குச் செல்லும் வழியில் பதுவையில் அரைநாள் தங்குவர். பேருந்து புனித அந்தோனியார் பேராலயத்தின் அருகில் நிற்கும். கல்லறையின் பச்சைப் பளிங்கைத் தொட்டு வணங்கி, அழியாத நாவைக் கண்டு, செபமாலைகளும் சுரூபங்களும் வாங்கிக்கொண்டு மாலைக்குள் புறப்பட்டுவிடுவர். இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. உவரியிலும் புளியம்பட்டியிலும் கொச்சிக்கடையிலும் யாரை நோக்கிக் கை கூப்புகிறோமோ, அவர் துயிலும் இடம் அது. நம் செவ்வாய்க்கிழமை பக்திக்கும் அந்நகரே ஊற்று. 1231 ஜூன் 17 செவ்வாயன்றுதான் அவர் அங்கு அடக்கம் செய்யப்பட்டார். பதுவை மக்களோ அவர் பெயரைக்கூடச் சொல்வதில்லை. 'இல் சாந்தோ', அதாவது 'புனிதர்' என்றால் போதும். வேறோர் ஊரார், வேறோர் ஊரில் இவ்வளவு உரிமை பெற்றது எங்ஙனம்? பேராலயத்தை மட்டும் பார்த்துத் திரும்புவோருக்கு இதன் விடையில் பாதியே கிட்டும். மறுபாதி நகரின் நடுவே, காய்கறிச் சந்தைக்கு மேலே இருக்கிறது.

அங்குள்ள மாபெரும் கட்டடத்திற்கு நீதி மண்டபம் என்று பெயர். 1218ஆம் ஆண்டில் கட்டத் தொடங்கிய இதன் ஒருபுறம் கீரைச் சதுக்கம், மறுபுறம் கனிச் சதுக்கம். கீழ்த்தளத்தில் இறைச்சியும் பாலடைக்கட்டியும் விற்கும் கடைகள் இன்றும் உண்டு. மேல்தளம் ஒரே கூடம். நீளம் ஏறத்தாழ 80 மீட்டர், அகலம் 27 மீட்டர். நடுவில் ஒரு தூணும் இல்லை. கவிழ்த்த மரக்கலம் போன்ற கூரையை 1306இல் எழுப்பியவர் ஜொவான்னி என்னும் அகுஸ்தீன் சபைத் துறவி. இக்கூடத்தில் ஜொத்தோ தீட்டிய ஓவியங்கள் 1420ஆம் ஆண்டுத் தீயில் அழிந்தன. இப்போது சுவரெங்கும் காணப்படுபவை அதன் பின்னர் எழுதப்பட்ட கோள்களும் இராசிகளும். வருவோரெல்லாம் அவற்றையும், கூடத்தில் நிற்கும் பெரிய மரக்குதிரையையும் அண்ணாந்து பார்க்கின்றனர். மூலையில் கிடக்கும் கருங்கல்லைச் சிலரே கவனிக்கின்றனர்.

அதற்குப் பழிக்கல் என்று பெயர். கடனைத் திருப்பித் தர இயலாதவன் உள்ளாடையோடு அக்கல்லின்மீது மும்முறை உட்கார்ந்து எழுந்து, 'என் உடைமைகளை விட்டுக்கொடுக்கிறேன்' என்று ஊரார்முன் சொல்ல வேண்டும். பிறகு நகரைவிட்டு வெளியேற வேண்டும். கேட்கவே கூசுகிறது. ஆனால் அக்கல்லுக்கு முந்திய நிலையை அறிந்தால்தான் அதன் பொருள் விளங்கும்.

பதின்மூன்றாம் நூற்றாண்டின் பதுவை செல்வம் கொழித்த நகர். 1222இல் பல்கலைக்கழகம் தோன்றியது. வாணிகமும் கட்டடத் தொழிலும் பெருகின. பணம் பெருகிய இடத்தில் வட்டியும் பெருகியது. வெளிப்படையாக வட்டித் தொழில் செய்வோருக்கு நற்கருணையும் கிறிஸ்தவ அடக்கமும் இல்லை என்று 1179இல் மூன்றாம் இலாத்தரன் பொதுச்சங்கம் விதித்திருந்தது. விதி ஏட்டில் இருந்தது. தொழில் தெருவில் நடந்தது. கடனாளி கொடுக்க முடியாமற்போனால் சிறை. சிறைக்குள் இருப்பவன் உழைப்பது எப்படி? உழைக்காதவன் கடனை அடைப்பது எப்படி? இந்த எளிய கணக்கை அந்நாளையச் சட்டம் போட்டுப் பார்க்கவில்லை.

இந்நகருக்குத்தான் லிஸ்பனில் பிறந்த அந்தோனியார் வந்து சேர்ந்தார். அகுஸ்தீன் சபை மடத்தில் மறைநூலை ஆழ்ந்து கற்று, 1220இல் மொரோக்கோ மறைசாட்சிகளின் உடல்களைக் கண்டு உள்ளம் மாறி, பிரான்சிஸ்கன் துறவியானவர். 1231ஆம் ஆண்டுத் தவக்காலத்தில் அவர் பதுவையில் நாள்தோறும் மறையுரை ஆற்றினார். கோவில்கள் கொள்ளாமல் கூட்டம் திறந்தவெளிக்குச் சென்றது. அவர் இறந்த மறு ஆண்டிலேயே எழுதப்பட்ட முதல் வரலாறு, முப்பதாயிரம் பேர் கூடினர் என்கிறது. இரவிலேயே விளக்கேந்தி வந்து இடம் பிடித்தனராம். எண்ணிக்கையை விட்டுவிடுவோம். அதே நூல் கூறும் வேறொரு செய்திதான் நம் கருத்துக்கு உரியது. வட்டியால் பொருள் சேர்த்தவர்கள் வீட்டையும் நிலத்தையும் அடகு வைத்துப் பணம் திரட்டி அவர் காலடியில் கொணர்ந்து வைத்தனர்; அவர் சொற்படி இழந்தவர்களுக்குத் திருப்பிக் கொடுத்தனர்.

அந்தத் தவக்காலத்திலேயே, 1231 மார்ச் மாதத்தில், நகர ஆட்சி ஒரு சட்டம் இயற்றியது. தன் உடைமைகளை ஒப்படைத்துவிட்ட கடனாளியைப் பணத்துக்காக இனிச் சிறையில் வைத்தல் ஆகாது; அவனுக்குப் பிணை நின்றவர்களுக்கும் இது பொருந்தும். சகோதரர் அந்தோனியாரின் வேண்டுகோளின்படி இது செய்யப்படுகிறது என்று சட்ட வாசகத்திலேயே அவர் பெயர் இருக்கிறது. புதுமைகளுக்குச் சாட்சி தேடி அலைவோர் உண்டு. இப்புதுமைக்கு நகராட்சியின் சட்ட ஏடே சாட்சி.

பெரிய புரட்சி என்று இதைச் சொல்ல மாட்டேன். வட்டி ஒழியவில்லை. கடனாளி வீட்டையும் மாட்டையும் இழந்தான். சட்டம் கேட்டது உடைமை ஒப்படைப்பை மட்டுமே. கல்லில் உட்கார வைக்கும் சடங்கு நகரத்தார் தாமாகச் சேர்த்துக்கொண்டது என்றே எண்ணுகிறேன். வேண்டாவெறுப்பாக இரங்குகிறவர்கள் அந்த இரக்கத்தோடு ஓர் அவமானத்தையும் சேர்த்தே கொடுப்பது உலக வழக்கம். ஆயினும் அவமானப்பட்டவன் வேற்றூரில் மனைவி மக்களோடு மீண்டும் தொடங்கலாம்; சிறையில் கிடப்பவனுக்கு அதுவும் இல்லை.

அதே ஆண்டில் அந்தோனியார் செய்த மற்றொரு வேண்டுகோள் பலிக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வெரோனா நகரில் எட்செலீனோ என்னும் கொடுங்கோலனிடம், சிறைப்பட்ட பிரபு ஒருவரையும் அவர்தம் தோழர்களையும் விடுவிக்குமாறு மன்றாடினார். வெறுங்கையோடு திரும்பினார். நாம் கோடி அற்புதர் என்று போற்றுபவர் கேட்டும் கிடைக்காத வரம் அது. உடல் நலிந்த நிலையில் ஜூன் 13 அன்று, நகருக்கு வெளியே ஆர்ச்செல்லாவில் உயிர் நீத்தார். ஓராண்டு நிறையுமுன் ஒன்பதாம் கிரகோரியார் அவரைப் புனிதர் என அறிவித்தார்.

இவ்வளவும் மனத்தில் கொண்டு பேராலயத்துக்குத் திரும்பினால் அது வேறுவிதமாகத் தோன்றும். 1232இல் தொடங்கிய அக்கோவிலின் பீடத்தில் தொனாத்தெல்லோ வார்த்த வெண்கலச் சிற்பங்கள் உள்ளன. அவற்றுள் ஒன்று கருமியின் இதயம். செல்வன் ஒருவனின் அடக்கச் சடங்கில், செல்வம் கிடக்கும் இடத்தில்தான் உள்ளமும் கிடக்கும் என்ற ஆண்டவரின் வாக்கை அந்தோனியார் விளக்கினாராம். மார்பைத் திறந்து பார்த்தால் இதயம் இல்லை. அது பணப்பெட்டிக்குள் இருந்ததாம். கல்லறையைச் சூழ்ந்த ஒன்பது பளிங்குச் சிற்பங்களிலும் இதே கதை மீண்டும் வருகிறது. இழந்த பொருளைக் கண்டுபிடித்துத் தருபவராக நாம் அவரைக் கொண்டாடுகிறோம். தம் ஊர்க்காரர்களுக்கு அவர் கண்டுபிடித்துக் காட்டியது வேறொன்று.

கோவிலுக்கு வெளியே குதிரைமேல் வீற்றிருப்பவர் கத்தமெலாத்தா என்னும் படைத்தலைவர். அதுவும் 1453இல் நிறுவப்பெற்ற தொனாத்தெல்லோவின் படைப்பே. நேரம் உள்ளவர்கள் கலிலேயோ 1592 முதல் 1610 வரை கற்பித்த பல்கலைக்கழகத்தையும், 1545இல் அமைந்த மூலிகைத் தோட்டத்தையும், புனித யுஸ்தீனா பேராலயத்தையும் பார்க்கலாம். நேரம் இல்லாதவர்கள் இவற்றையெல்லாம் விட்டுவிட்டாலும் ஸ்க்ரொவேஞி சிற்றாலயத்தை விடலாகாது.

பதுவையின் வட்டித் தொழிலர்களுள் ரெஜினால்தோ ஸ்க்ரொவேஞி பெயர்போனவர். கவிஞர் தாந்தே தம் காவியத்தின் நரக காண்டத்தில், கழுத்தில் பணப்பை தொங்கச் சுடுமணலில் உட்கார்ந்திருக்கும் வட்டிக்காரர்கள் நடுவே அவரை வைத்தார். பெயர் சொல்லவில்லை, பையின்மீது இருந்த நீலப் பன்றிச் சின்னம் போதுமானதாயிற்று. அவர் மகன் என்ரிக்கோ 1300இல் பழைய உரோமை அரங்கின் நிலத்தை வாங்கி, அன்பின் அன்னைக்கு ஓர் ஆலயம் எழுப்பினார். 1305 மார்ச் 25 அன்று அது அர்ச்சிக்கப்பட்டது. தந்தையின் பாவத்துக்குப் பரிகாரம் என்பது மரபு. குடும்பப் பெருமையே காரணம் என்பாரும் உண்டு. அண்டை மடத்து அகுஸ்தீன் துறவிகள் அவ்வாண்டு சனவரியிலேயே, இது இறைமகிமையைவிட வீண் ஆடம்பரத்துக்கே கட்டப்படுகிறது என்று எழுதி முறையிட்டனர். இரண்டு நோக்கமும் ஒரே நெஞ்சில் இருந்திருக்கலாம். கோவில் திருப்பணிக்கு நன்கொடை வாங்கிப் பழகிய எந்தப் பங்குக்குருவுக்கும் இது புதிதன்று.

ஆனால் ஜொத்தோவின் தூரிகை நன்கொடையாளருக்கு அஞ்சவில்லை. பீடத்தின் முகப்பு வளைவில் ஒருபுறம் மரியா எலிசபெத்தைச் சந்திக்கிறார். அதற்கு நேராக மறுபுறம் யூதாசு பணப்பையைப் பற்றிக்கொள்கிறான், முதுகுப்புறம் கரிய பேய் நிற்கிறது. பின்சுவர் முழுவதும் பொதுத்தீர்வை. நரகத்தில் வட்டிக்காரர்கள் தங்கள் பைகளின் கயிற்றாலேயே தூக்கில் தொங்குகின்றனர். மறுபக்கத்தில், சிலுவையின் அடியில், தவத்தின் நிறமான ஊதா உடுத்து என்ரிக்கோ மண்டியிட்டு, ஒரு குரு தோளில் தாங்க, ஆலயத்தின் மாதிரியை அன்னைக்குக் காணிக்கையாக்குகிறார். பாவிகளின் கூட்டத்தை எதிரே வைத்துக்கொண்டுதான் அந்தக் காணிக்கை நடக்கிறது. பின்னாளில் என்ரிக்கோ பதுவையில் வாழ இயலாமல் வெனிசில் தங்கி, 1336இல் இறந்தார். உடல் மட்டும் திரும்பி வந்து, பீடத்துக்குப் பின்னே அடங்கியது.

1944 மார்ச் 11 அன்று விழுந்த குண்டுகள் பக்கத்துத் துறவியர் கோவிலைச் சிதைத்தன. மந்தேஞ்ஞா தீட்டிய சுவரோவியங்கள் தூளாயின. சில அடி தொலைவிலிருந்த இச்சிற்றாலயம் தப்பியது. 2021இல் யுனெஸ்கோ இதனை நகரின் பிற பதினான்காம் நூற்றாண்டுச் சுவரோவியங்களோடு உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. ஓவியங்களுக்கு ஊறு நேராவண்ணம், முன்பதிவு செய்தோரைச் சிறு குழுக்களாகவே உள்ளே விடுகின்றனர். காற்றைச் சீர்செய்யும் கண்ணாடி அறையில் சற்று நேரம் காத்திருந்தபின், உள்ளே ஏறத்தாழ கால் மணி நேரமே கிடைக்கும். எல்லாரும் நீல விதானத்தையே நோக்குவர். நீங்கள் கொஞ்சம் கீழே, கண்மட்டத்தில் உள்ள சாம்பல் நிற உருவங்களைப் பாருங்கள். ஒரு சுவரில் பொறாமை, கையில் பையை இறுக்கியபடி நெருப்பில் நிற்கிறாள். அவள் வாயிலிருந்து புறப்பட்ட பாம்பு அவள் கண்களையே நோக்கித் திரும்புகிறது. எதிர்ச்சுவரில் அன்பு, ஒரு கையில் கனிக்கூடை. மறுகையால் தன் இதயத்தை இறைவனிடம் நீட்டுகிறாள். அவள் காலடியில் கிடப்பவை பணப்பைகள்.