கூலிப் பதிவேடும் நகல் உரிமையும்: இராஜஸ்தான் மக்கள் விசாரணைகளை முன்வைத்து

இந்தியாவில் தகவல் உரிமையின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் உச்சநீதிமன்றத் தீர்ப்புகளிலிருந்து தொடங்குவர். பொது ஊழியர் தம் பணியில் செய்யும் ஒவ்வொன்றையும் அறியும் உரிமை மக்களுக்கு உண்டு என 1975இல் இராஜ் நாராயண் வழக்கில் நீதியரசர் மாத்யூ எழுதியது அவ்வரலாற்றின் முதற்படியாகக் காட்டப்பெறுகிறது. அது பிழையன்று. எனினும் அத்தீர்ப்பு வெளிவந்து இருபது ஆண்டுகள் ஆகியும் ஊராட்சி அலுவலகத்தின் செலவுச் சீட்டு ஒன்றைக் கூலியாள் ஒருவர் கேட்டுப் பெற இயலவில்லை. இவ்விடைவெளி கடக்கப்பட்ட முறையை, நகல் பெறுவது குறித்து எழுந்த பூசல் ஒன்றைக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

கூலிப் பதிவேடு

மஸ்டர் ரோல் எனப்படும் கூலிப் பதிவேடு எளியதோர் ஆவணம். பணியாளரின் பெயர், வேலை செய்த நாள்கள், வழங்கப்பட்ட தொகை, கையொப்பம் அல்லது பெருவிரல் ரேகை ஆகியவற்றுக்கு அதில் கட்டங்கள் உண்டு. வறட்சி மிகுந்த நடு இராஜஸ்தானில் அரசின் நிவாரணப் பணிகளே பல குடும்பங்களுக்குப் பிழைப்பாக இருந்தன. நிவாரணப் பணி என்னும் பெயரால் குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே வழங்குவது அரசியலமைப்புக்கு முரணானது என உச்சநீதிமன்றம் 1983இல் சஞ்சித் ராய் வழக்கில் தீர்ப்பளித்திருந்தது. அதன் பின்னரும் குறைந்த கூலியே கைக்கு வந்தது. உழைப்பாளர் கேட்டபோது, அளந்து பார்த்ததில் அவ்வளவுதான் வேலை நடந்துள்ளதாகப் பதிவேடு கூறுகிறது என்பதே விடையாயிற்று. பதிவேட்டைக் காட்டுமாறு கேட்டால், அது அரசு இரகசியம் எனப்பட்டது. ஆங்கிலேயர் காலத்து 1923ஆம் ஆண்டு அலுவல்சார் இரகசியச் சட்டத்தின் நிழல் கிராமக் கிணறு வெட்டும் கணக்கு வரை நீண்டிருந்தது என்பது நோக்கத்தக்கது.

1990இல் உருவான மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் தொடக்கத்தில் கூலிக்காகவே போராடியது. அருணா ராய், நிகில் தே, சங்கர் சிங் ஆகியோர் அதன் நிறுவுநர்களுள் குறிப்பிடத்தக்கவர். (அருணா ராய் சென்னையில் பிறந்தவர், இந்திய ஆட்சிப் பணியை 1975இல் துறந்தவர்.) கூலிச் சிக்கல் ஆவணச் சிக்கலே என்பதை அவ்வமைப்பு பட்டறிவாலேயே கண்டது.

1994 டிசம்பர் 2 அன்று பாலி மாவட்டத்துக் கோட் கிரானாவில் முதல் மக்கள் விசாரணை நடைபெற்றது. 1995 ஏப்ரலுக்குள் வெவ்வேறு ஊர்களில் மேலும் நான்கு விசாரணைகள் நிகழ்ந்தன. பதிவேட்டிலிருந்து எடுத்த பெயர்கள் ஊரார் முன்னிலையில் உரக்க வாசிக்கப்பட்டன. வேலைக்கே செல்லாதவர் பெயர்களும் இறந்தோர் பெயர்களும் அதில் இருந்தன. எழுத்தறியாதவர்கூடச் செவியால் தணிக்கை செய்ய முடிந்தது. வாய்மொழி மரபை ஆய்வோர் இந்நிகழ்வை இன்னும் போதிய அளவு கருதவில்லை எனலாம். எழுத்தில் பாதுகாப்பாக இருந்த பொய், ஒலியாக மாறியவுடன் அப்பெயருக்கு உரியவரே எழுந்து மறுக்கக்கூடியதாயிற்று.

பார்த்தலும் படியெடுத்தலும்

தொடக்க விசாரணைகளுக்கான தாள்கள் நல்லெண்ணம் கொண்ட அலுவலர் சிலரின் துணையால் கிடைத்தவை. கிராம சேவகர்கள் ஆவணம் தர மறுத்துப் போராட்டத்தில் இறங்கியபோது அவ்வழி அடைபட்டது. 1995 ஏப்ரலில் முதலமைச்சர் பைரோன் சிங் செகாவத், ஊராட்சிப் பணிகளின் ஆவண நகல்களைக் கட்டணம் செலுத்திப் பெறலாம் எனச் சட்டமன்றத்தில் அறிவித்தார். ஓராண்டாகியும் ஆணை வரவில்லை. எனவே 1996 ஏப்ரல் 6 அன்று பியாவர் நகரில் தொடங்கிய அமர்வுப் போராட்டம் நாற்பது நாள் நீடித்தது. அப்போது வெளியான ஆணை பதிவேட்டைப் பார்வையிடவும் கையால் குறிப்பெடுக்கவும் இசைந்தது. நகல் தர இசையவில்லை.

மேலோட்டமாக நோக்குவோர்க்கு இது சிறு வேறுபாடாகத் தோன்றும். ஆனால் கையால் எழுதிய குறிப்பைப் பொய் என்று ஓர் அலுவலர் கூறிவிட்டால் அதற்குமேல் பேச்சில்லை. சான்றிட்ட நகல் நீதிமன்றத்தில் நிற்கும். 1872ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டமே பொது ஆவண நகலுக்கு அத்தகுதியை அளித்திருந்தது. போராடியோர் அவ்வாணையை ஏற்காததன் காரணம் இதுவே. 1997இல் செய்ப்பூரில் ஐம்பத்து மூன்று நாள் அமர்வு நிகழ்ந்தது. அதன் இறுதியில், நகலுரிமை வழங்கும் அறிவிக்கை ஆறு மாதங்களுக்கு முன்னரே வெளியாகிவிட்டது என்று அரசு தெரிவித்தது! வெளிப்படைத்தன்மைக்கான ஆணையே வெளியே தெரியாமல் கிடந்தது.

இவ்வரலாற்றுக்குத் தொல் முன்னோடியாக உத்திரமேரூர்க் கல்வெட்டைக் காட்டுவது தமிழாய்வாளர் வழக்கம். வாரியப் பொறுப்பிலிருந்து கணக்குக் காட்டாதோரையும் அவர்தம் உறவினரையும் குடவோலைக்குத் தகுதியற்றோராக்கிய பராந்தகன் கால விதி வியப்புக்குரியதே. ஆயினும் அங்குக் கணக்குக் கேட்டது நிலமும் வேதக் கல்வியும் உடைய பிராமணர் சபை. ஏரியில் மண் சுமந்தவர் கேட்கவில்லை. இவ்வேறுபாட்டை மறைத்துவிட்டு இரண்டையும் ஒன்றெனக் கொள்ளுதல் பொருந்தாது.

1997இல் தமிழ்நாடும் 2000இல் இராஜஸ்தானும் சட்டமியற்றின. தமிழ்நாட்டுச் சட்டம் விதிவிலக்குகளின் மிகுதியால் பெரிதும் பயன்படவில்லை. 2002ஆம் ஆண்டின் நடுவண் சட்டம் நடைமுறைக்கே வரவில்லை. 2005 அக்டோபர் 12 முதல் முழுமையாக நடைமுறைக்கு வந்த தகவல் பெறும் உரிமைச் சட்டத்தின் 2(ஞ) பிரிவு, பார்வையிடல், குறிப்பெடுத்தல், சான்றிட்ட நகல் பெறல் ஆகியவற்றைத் தனித்தனியே பெயர் சுட்டி உரிமையாக்கியது. பியாவர்ப் பூசலின் தடம் இச்சொற்களில் தெளிவாகவே தெரிகிறது. அவ்வாண்டே இயற்றப்பட்ட ஊரக வேலை உறுதிச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, கிராம சபை சமூகத் தணிக்கை நடத்துவதைக் கடமையாக்கியது.

மூலச் சட்டத்தின் 8(1)(ஒ) பிரிவு, பொதுப் பணியோடும் பொது நலனோடும் தொடர்பற்ற தனிநபர்த் தகவலுக்கே விலக்களித்தது. 2023ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர்த் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அவ்வரையறையை நீக்கி, தனிநபர்த் தகவல் எதற்கும் விலக்குண்டு எனத் திருத்தியது. பொது நலன் மேலோங்கின் தகவல் தரலாம் என்னும் 8(2) பிரிவு எஞ்சியுள்ளது. மேலோங்குகிறதா என்பதை முதலில் முடிவு செய்பவர் அந்தந்த அலுவலகத்துப் பொதுத் தகவல் அலுவலர். கோட் கிரானாவில் உரக்க வாசிக்கப்பட்ட பதிவேட்டில் பெயரும் நாளும் தொகையும் ரேகையும் தவிர வேறொன்றும் இல்லை.