குசினிக்குப் பின்னால் ஏன் குளியலறை?

ஈஸ்ட் ஹாம், வால்தம்ஸ்டோ, டூட்டிங் பக்கத்துப் பழைய செங்கல் வீடுகளுக்குள் போயிருக்கிறீர்களா? ஒன்றோடொன்று ஒட்டி வரிசையாக நிற்கும் அந்த வீடுகள் பலவற்றில் குளியலறை மேல்மாடியில் இருக்காது. முன்னறை, பின்னறை, குசினி எல்லாம் தாண்டிப் போனால், தோட்டத்துக்கு முன்னால் ஒடுக்கமாக ஓர் அறை வரும். அதுதான் குளியலறை. ஜனவரி மாதத்துக் காலையில் அங்கே போக மனதைத் திடப்படுத்திக்கொள்ள வேண்டும்.

"வெள்ளைக்காரர் ஏன் இப்படிக் கட்டினவர்கள்?" என்று எங்கள் வீடுகளில் கேட்காத ஆளில்லை. உண்மையில் அவர்கள் அப்படிக் கட்டவில்லை. விக்டோரியா காலத்தில் தொழிலாளருக்கென்று கட்டிய வீடுகளில் குளியலறையே கிடையாது. மலசலகூடம் பின்முற்றத்தில் தனியாக நின்றது. குளிப்பதற்கு, சுவரில் ஆணியில் மாட்டியிருந்த தகரத் தொட்டியை வாரம் ஒருமுறை இறக்கி, அடுப்படிக்கு முன்னால் வைத்து, காய்ச்சிய தண்ணீரை ஊற்றுவார்கள். ஒருவர் குளித்த அதே தண்ணீரில்தான் அடுத்தவரும் இறங்குவார். கிணற்றடியில் வாளி வாளியாக அள்ளிக் குளித்து வளர்ந்த எங்கள் அம்மம்மா இதைக் கேட்டு முகத்தைச் சுளித்தார்.

இதை ஏதோ நூறு வருடத்துக்கு முந்திய கதை என்று நினைக்க வேண்டாம். 1951 குடிசன மதிப்பீட்டின்போது இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 100 குடும்பங்களில் 37 குடும்பங்களுக்கு நிலையான குளியல் தொட்டி இல்லை.

அரசாங்கம் 1949-இல் வீட்டைத் திருத்த மானியம் கொடுக்கத் தொடங்கியது. ஆனால் அது கவுன்சில் விரும்பினால் மட்டும் கிடைக்கும் காசு. பெற்றவர்கள் கொஞ்சப் பேர்தான். 1959-இல் வந்த சட்டம்தான் கதையை மாற்றியது. நிபந்தனைகள் சரியாக இருந்தால் கவுன்சில் மறுக்க முடியாது. செலவில் பாதியை அரசு தரும், 155 பவுண் வரை. அந்த 155 எப்படி வந்தது என்று பாருங்கள், எனக்கு இந்தக் கணக்கு மிகவும் பிடிக்கும்: தொட்டிக்கு 25, கை கழுவும் பேசினுக்கு 5, சுடுதண்ணீர் வசதிக்கு 75, மலசலகூடத்துக்கு 40, சாப்பாட்டுச் சாமான் வைக்கும் காற்றோட்டமான அலுமாரிக்கு 10. ஆம், அலுமாரியும்தான். பலரிடம் ஃபிரிட்ஜ் இல்லாத காலம் அது. 1969 சட்டத்தில் அலுமாரியை எடுத்துவிட்டுக் குசினி சிங்கைச் சேர்த்தார்கள்.

புதிய அறைக்கு இடம் எங்கே? மேலே எடுத்தால் ஒரு படுக்கையறை போய்விடும். தண்ணீரும் கழிவுக் குழாயும் ஏற்கெனவே வீட்டின் பின்பக்கம்தான் இருந்தன. குசினிக்குப் பின்னால் ஒட்டினால் குழாயின் நீளம் குறையும், செலவும் குறையும். அந்த வடிவமைப்புக்குப் பின்னால் வேறு தத்துவம் எதுவும் இல்லை.

சரி, பாதிக் காசு அரசு தருகிறது. மீதிப் பாதி? இங்கேதான் கணவனும் மனைவியும் தாங்களே சுத்தியலைக் கையில் எடுத்தார்கள். அதற்குத் துணிவு மட்டும் போதாது. பொருட்களும் மாறவேண்டியிருந்தது. பழைய ஈயக் குழாயில் ஒரு மூட்டுப் போட, உருகிய கலவையை ஊற்றித் துணியால் தடவித் தடவி உருவாக்க வேண்டும். பல வருடம் தொழில் பழகிய பிளம்பருக்குத்தான் அது வரும். செம்புக் குழாய் வந்த பிறகு, உள்ளே ஒரு சின்ன வளையத்தை வைத்து நட்டை முறுக்கினால் அந்த வளையமே குழாயை நெரித்துப் பிடித்துக்கொள்ளும். இரண்டு ஸ்பானர் இருந்தால் போதும். வார்ப்பிரும்புத் தொட்டி 100 கிலோவைத் தாண்டும். பிறகு வந்த அக்ரிலிக் தொட்டியை இரண்டு பேர் தூக்கிக்கொண்டு படியேறலாம். சீமெந்துக் கலவையில் பதித்த டைல்ஸை, டின்னில் வந்த பசையால் ஒட்டலாம் என்றானது. எஞ்சினியரிங் படித்தவள் என்பதாலோ என்னவோ, அந்தச் செம்பு வளையம் அளவுக்கு இந்த வரலாற்றில் வேறெதுவும் முக்கியமாக எனக்குத் தெரிவதில்லை.

சொல்லிக்கொடுக்கவும் ஒருவர் வந்தார். பாரி பக்னெல். 1962-இல் பிபிசி ஈலிங்கில் பாழடைந்த ஒரு வீட்டை 2,230 பவுணுக்கு வாங்கியது. அதை அவர் வாராவாரம் தொலைக்காட்சியில் திருத்திக் காட்டினார். நேரடி ஒளிபரப்பு என்பதால், பிழைத்தாலும் எல்லோரும் பார்ப்பார்கள். சித்திர வேலைப்பாடுள்ள பழைய கதவுகளின் மேல் ஹார்ட்போர்டை ஆணியடித்து மூடச் சொன்னவரும் அவர்தான். இன்று பழைய வீடு வாங்குபவர்கள் அந்த ஹார்ட்போர்டைக் கழற்றிக்கொண்டிருக்கிறார்கள்.

ஹார்ட்போர்டால் ஆபத்தில்லை. அந்தக் காலத்துக் குளியலறைகளில் தொட்டியின் பக்கத்தை மூட ஆஸ்பெஸ்டஸ் பலகையும் பயன்பட்டது. முகமூடி இல்லாமல், யன்னல் பூட்டிய அறையில் அதை வாளால் அறுத்த கணவனும், தூசியைக் கூட்டி அள்ளிய மனைவியும் எத்தனை பேரோ. அந்தத் தூசியால் வரும் நோய் தெரிய 20 வருடத்துக்கும் மேல் எடுக்கும். எல்லா வகை ஆஸ்பெஸ்டசையும் பிரிட்டன் தடை செய்தது 1999-இல்தான். அதற்கு முந்திய வீடென்றால், பழைய பலகையை உடைக்க முதல் ஒரு துண்டைப் பாதுகாப்பாக எடுத்துப் பரிசோதிக்க ஆளைக் கூப்பிடுங்கள். சிக்கனம் பார்க்கக்கூடாத இடம் அது ஒன்றுதான்.

வேலையை இருவரும் செய்தாலும் காசு விஷயம் அப்படி இருக்கவில்லை. மனைவி கடனுக்குப் போனால், கணவனோ தகப்பனோ பிணை நில்லுங்கள் என்று கேட்பது வழக்கம். அதைச் சட்டவிரோதமாக்கியது 1975-இன் பால் பாகுபாட்டுச் சட்டம். வாடகைக்கு இருந்தவர்கள் நிலை இன்னும் மோசம். வீட்டுக்காரர் மனது வைத்தால்தான் தொட்டி. கரீபியனிலிருந்தும் தெற்காசியாவிலிருந்தும் வந்தவர்களுக்கு வீட்டைத் தர மறுப்பதோ 1968 வரை சட்டவிரோதமே இல்லை. அதனால் அவர்களில் பலர், கடன் கொடுப்பவர்கள் விரும்பாத பழைய வீடுகளை, அதிக வட்டிக்குக் கடன் பட்டு வாங்கினார்கள். குளியலறை இல்லாத வீடுகள் அவர்கள் கைக்கு வந்தது அப்படித்தான்.

எங்கள் ஆட்களில் பெரும்பாலானோர் 1983-க்குப் பிறகு வந்தவர்கள். அதற்குள் தொட்டி பொருத்தப்பட்டிருந்தது, அநேகமாக அவகாடோப் பச்சை நிறத்தில். நானும் என் கணவரும் எங்கள் வீட்டில் குளியலறைத் தரையைக் கிளப்பியபோது, மில்லிமீட்டர் அளவு வருவதற்கு முந்திய முக்கால் அங்குலச் செம்புக் குழாய் கிடந்தது. இன்றைய 22 மில்லிமீட்டர் இணைப்பு அதில் நேரடியாகச் சேராது. இடையில் அதற்கென்றே ஒரு வளையம் விற்கிறார்கள், சில்லறை விலைதான். குழாயில் யாரோ பென்சிலால் போட்ட இரண்டு கோடுகள் அழியாமல் இருந்தன. ஒன்று நேராக, மற்றது கொஞ்சம் கோணலாக.

அதே தெருவில் இப்போது ஆட்கள் குளியலறையை மேலே கொண்டுபோகிறார்கள். சின்னப் படுக்கையறையை அதற்குக் கொடுத்துவிட்டு, பின்னால் இருந்த ஒடுக்கமான அறையின் சுவரை இடித்துக் குசினியோடு சேர்த்துவிடுகிறார்கள்.