தோட்டத்து டிரெசரும் மெடிக்கல் கார்டும்

2024 இறுதியில் மலேசியாவில் மெடிக்கல் கார்ட் வைத்திருந்த பலருக்குக் காப்புறுதி நிறுவனங்களிடமிருந்து கடிதம் வந்தது. பிரீமியம் 40 முதல் 70 விழுக்காடு வரை ஏறப்போகிறது என்ற செய்தி பரவியதும் நாடே கொதித்தது. கோல சிலாங்கூர் பக்கம் எந்தச் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்தாலும் அதே பேச்சுதான். "பத்து வருசமா கட்டுறேன், ஒரு தடவகூட கிளைம் பண்ணதில்ல. எனக்கு எதுக்கு ஏத்துறான்?" டிசம்பர் 20ஆம் தேதி பேங்க் நெகாரா தலையிட்டது. உயர்வைக் குறைந்தது மூன்று ஆண்டுகளுக்குப் பிரித்துப் போட வேண்டும், 80 விழுக்காட்டினருக்காவது ஆண்டு உயர்வு 10 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்றது. கோபம் கொஞ்சம் அடங்கியது. கேள்வி அப்படியே இருக்கிறது: நோய்க்கு யார் காசு கொடுப்பது?

எங்கள் வட்டாரத்துக்கு இது நூறு வருடப் பழைய கேள்வி.

காப்புறுதியின் கணக்கு எளிது. பலர் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுவார்கள், அடிபட்டவர் எடுத்துக்கொள்வார். தோட்ட முதலாளிகளுக்கு இந்தக் கணக்கு நன்றாகவே தெரிந்திருந்தது. 1907இல் தமிழர் குடியேற்ற நிதி உருவானது. தமிழ்த் தொழிலாளர்களை வைத்திருந்த முதலாளிகள் எல்லோரும் வேலை நாள் கணக்கில் அதற்குக் கட்டணம் செலுத்தினார்கள். அந்தப் பணத்தில்தான் தமிழ்நாட்டிலிருந்து ஆட்கள் கப்பலேறினார்கள். ஆள் பற்றாக்குறை என்ற ஆபத்துக்கு எதிராக முதலாளிகள் எடுத்துக்கொண்ட காப்புறுதி என்றே இதைச் சொல்லலாம்.

வந்தவர்கள் என்ன ஆனார்கள்? 1911இல் கூட்டு மலாய் மாநிலங்களின் தோட்டங்களில் ஆயிரம் தொழிலாளருக்கு ஏறக்குறைய 63 பேர் இறந்தார்கள். பெரிய கொலையாளி மலேரியா.

1901இல் கிள்ளானுக்கு வந்த டாக்டர் மால்கம் வாட்சன், கடலோரச் சமவெளியில் காட்டை வெட்டி வடிகால் தோண்டினால் காய்ச்சல் குறைகிறது என்று காட்டினார். அங்கே நோய் பரப்பிய கொசு, நிழல் விழும் குட்டைகளில் வளர்வது. மலைப்பக்கத் தோட்டங்களில் அதே வேலையைச் செய்தபோது, வெயில் படும் ஓடைகளை விரும்பும் இன்னொரு கொசு பெருகியது. அங்கே நீரை மண்ணுக்கடியில் குழாய் வழியாகக் கொண்டுபோக வேண்டியிருந்தது. பொறியியல் படித்தவன் என்பதால் எனக்கு இந்த இடம் பிடிக்கும். மருந்து புட்டியில் இருந்த அளவுக்கு மண்வெட்டியிலும் இருந்திருக்கிறது. ஆனால் குழாய்க்குக் காசு வேண்டும். குழாய் புதைப்பது மலிவா, செத்தவனுக்குப் பதில் இன்னொருவனைக் கூட்டிவருவது மலிவா?

1926இல் தோட்டங்களிடம் கட்டணம் வசூலித்து சுகாதாரத்தைப் பொதுவாகக் கவனிக்க சுகாதார வாரியச் சட்டம் வந்தது. தோட்டக்காரர்களின் எதிர்ப்பும் உலகப் பொருளாதார மந்தமும் சேர்ந்து 1930களின் தொடக்கத்திலேயே அதை முடித்து வைத்தன. ஆள் கொண்டுவரும் நிதியோ அதற்குப் பிறகும் நீடித்தது. ஆட்களைக் கொண்டுவர ஒரே உண்டியலில் காசு போட்டவர்களுக்கு, வந்தவர்களைக் காப்பாற்ற அப்படிப் போட மனம் வரவில்லை.

மிஞ்சியது டிரெசர். அவர் டாக்டர் இல்லை, ஆனால் தோட்டத்துக்கு அவர்தான் டாக்டர். "தலவலிக்கும் அதே தண்ணி மருந்து, வயித்துவலிக்கும் அதே தண்ணி மருந்து" என்று பாட்டி சிரிப்பார். 1941இல் கிள்ளான் வட்டாரத்தில் தொடங்கி சிலாங்கூர் தோட்டங்களில் பரவிய வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளில் ஒன்று முறையான மருத்துவ வசதி. துரைமார் முன்னால் சைக்கிளில் இறங்காமல் போகும் உரிமையும் அதே பட்டியலில் இருந்தது. வைத்தியத்தை அவர்கள் தர்மமாகக் கேட்கவில்லை. சம்பளத்தைப் போல, மானத்தைப் போல, அதுவும் தங்களுக்குச் சேர வேண்டியது என்று கேட்டார்கள். பதிலுக்குப் பட்டாளம் வந்தது, துப்பாக்கிச்சூட்டில் தொழிலாளர்கள் இறந்தார்கள், தலைவர் ஆர்.எச்.நாதன் நாடு கடத்தப்பட்டார்.

தோட்டத் தொழிலாளருக்கு முதலாளி மருத்துவ வசதி தர வேண்டும் என்று 1990ஆம் ஆண்டுச் சட்டமும் சொல்கிறது. ஆனால் அதற்குத் தோட்டத்தில் வேலை இருக்க வேண்டுமே! ரப்பர் போய் செம்பனை வந்தது, ஆள் தேவை குறைந்தது. பல தோட்டங்கள் தாமான்களாக மாறின. பத்தாங் பெர்ஜுந்தை என்ற பெயரே 2007இல் பெஸ்தாரி ஜெயா ஆனது. லயத்தை விட்டு வெளியே வந்தபோது அடிமைத்தனத்தோடு சேர்த்து அந்த அரைகுறை உரிமையையும் அங்கேயே விட்டுவந்தோம். அதற்குப் பதிலாக வீடு தேடி வந்தவர் காப்புறுதி முகவர். பெரும்பாலும் நமக்குத் தெரிந்தவர், சொந்தக்காரர். "மாமா, இப்பவே எடுத்துடுங்க. பின்னால தர மாட்டான்."

இப்போது ஏன் ஏறுகிறது? 2024இல் மலேசியாவில் மருத்துவச் செலவு 15 விழுக்காடு ஏறியது, உலகச் சராசரி 10 என்கிறது பேங்க் நெகாரா. தனியார் மருத்துவமனையில் டாக்டரின் கட்டணத்துக்குச் சட்டத்தில் உச்சவரம்பு உண்டு. மருந்து, கையுறை, கருவி என்று பில்லில் நீளும் மற்ற வரிகளுக்கு அப்படி இல்லை. மருத்துவமனை காப்புறுதியைக் கைகாட்டுகிறது, காப்புறுதி மருத்துவமனையைக் கைகாட்டுகிறது. 2025இல் ஈ.பி.எஃப். சேமிப்பிலிருந்தே பிரீமியம் கட்ட விடலாம் என்ற யோசனையும் அரசுத் தரப்பில் எழுந்தது. முதுமைக்கு வைத்த பணம் அது.

1941இல் கோரிக்கையைக் கொண்டுபோக ஒரு வாசல் இருந்தது. அது துரையின் வாசல். கேட்டவர்கள் கூட்டமாகப் போனார்கள். இன்று கடிதம் ஒவ்வொருவர் பெயருக்கும் தனித்தனியாக வருகிறது. வயதுக்கும் நோய்க்கும் ஏற்ப ஒவ்வொருவருக்கும் தனித்தனித் தொகை. கோபமும் அப்படியே தனித்தனியாக உடைந்துபோகிறது. கட்ட முடிந்தவர் முணுமுணுத்துக்கொண்டே கட்டுகிறார், முடியாதவர் கார்டை நிறுத்திவிடுகிறார்.

எல்லாரும் போட்டு, நோயாளி எடுத்துக்கொள்ளும் பெரிய உண்டியல் ஒன்று ஏற்கனவே நம்மிடம் இருக்கிறது. தஞ்சோங் காராங் அரசு மருத்துவமனை அதில்தான் நடக்கிறது. வெளிநோயாளியாகப் போகும் குடிமகன் அங்கே கொடுப்பது ஒரு வெள்ளி. நெரிசல், காத்திருப்பு, ஆள் பற்றாக்குறை எல்லாம் உண்மை. அதைச் சரிசெய்யக் கேட்பதற்குக் கூட்டம் வேண்டும். பிரீமியத்துக்காக எழுந்த சத்தத்தில் பாதி அந்த மருத்துவமனைக்காக எழுந்தால் போதும், 1941இன் கோரிக்கைக்கு இன்னும் ஆள் இருக்கிறது என்று அர்த்தம்.