மஞ்சள் விளக்கு யாருக்காக எரிகிறது?

பழைய காரில் புது இன்ஜினை இறக்குவது அமெரிக்காவில் பலருக்கு ஒரு தனிக் கிறுக்கு. 1970களின் டாட்சன் 240இசட் காருக்குள், 2000 மாடல் செவர்லே கமாரோவிலிருந்து கழற்றிய எல்எஸ்1 வி8 இன்ஜினை உட்கார வைப்பார்கள். மாதக்கணக்கில் வேலை நடக்கும். கடைசியில் சாவியைத் திருப்பினால் இன்ஜின் ஜம்மென்று ஓடும், கூடவே செக் இன்ஜின் லைட்டும் எரியும். ஸ்கேனரை மாட்டினால் வரிசையாக எரர் கோடுகள். நல்லாத்தானே ஓடுது, அப்புறம் ஏன் இது?

இதைப் புரிந்துகொள்ள லாஸ் ஏஞ்சலஸ் வரைக்கும் ஒரு நடை போய் வரணும்.

1943 ஜூலையில் அந்த நகரத்தைக் கண் எரியும் புகை மூடியது. போர்க்காலம் வேறு, ஜப்பான்காரன் விஷவாயு போட்டுட்டான் என்றுகூட ஜனங்கள் பயந்தார்கள். காரணம் பிடிபடப் பல வருஷம் ஆனது. கால்டெக்கில் அன்னாசிப்பழ வாசனையை ஆராய்ந்துகொண்டிருந்த ஆரி ஹாகன்-ஸ்மித் என்ற டச்சு வேதியியலாளர்தான் 1950களின் தொடக்கத்தில் அதை அவிழ்த்தார். எரியாத பெட்ரோல் ஆவியும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் வெயில் பட்டு ஓசோனாக மாறுகின்றன என்று காட்டினார். (அன்னாசியிலிருந்து கார் புகைக்கு! ஆராய்ச்சி இப்படித்தான் எங்கேயோ தொடங்கி எங்கேயோ போய் நிற்கும்.) பின்னால் கலிஃபோர்னியா காற்று வள வாரியத்தின் முதல் தலைவராகவும் ஆனார்.

1988 மாடலிலிருந்து கார் தன் மாசுக் கட்டுப்பாட்டுக் கருவிகளைத் தானே சோதித்து, கோளாறு என்றால் விளக்கு போட வேண்டும் என்று விதித்தது அந்த வாரியம்தான். ஜிஎம் கார்களில் 1981-லேயே இந்த விளக்கு இருந்தது. சாக்கெட்டில் இரண்டு முனைகளை ஒரு பேப்பர் கிளிப்பால் இணைத்தால் விளக்கு கண் சிமிட்டும். ஒரு தடவை, சின்ன இடைவெளி, பிறகு இரண்டு தடவை என்றால் 12. எண்ணிக்கொண்டே உட்கார்ந்திருக்கணும். கம்பெனிக்கு ஒரு முறை என்றிருந்த இந்தக் குழப்பம் 1996-ல் தீர்ந்தது. ஓபிடி-2 வந்து, நாடு முழுக்க ஒரே 16 முனை சாக்கெட், பொதுவான கோடுகள் என்றானது.

ஆக, இந்த விளக்கு பிறந்தது ஊர்க் காற்றுக்காக. இன்ஜின் சுகமாக இருக்கிறதா என்பது அதற்கு இரண்டாம்பட்சம். மாசு, அனுமதித்த அளவைப் போல சுமார் ஒன்றரை மடங்கு ஆகிவிடும் என்று கம்ப்யூட்டர் கணித்தால் விளக்கு எரியும். பெரும்பாலான கோளாறுகளுக்கு இதுதான் அளவுகோல்.

இப்போது டாட்சனுக்கு வருவோம். இன்ஜினோடு கம்ப்யூட்டரும் வந்துவிட்டது. அது தான் இன்னும் கமாரோவில் இருப்பதாகவே நினைக்கிறது. பெட்ரோல் டேங்க்கில் அழுத்த சென்சாரைத் தேடும். டாட்சன் டேங்க்கில் அது ஏது? பி0452. கேட்டலிடிக் கன்வெர்ட்டரைக் கழற்றி எறிந்துவிட்டால் பி0420. கியர்பாக்ஸிலிருந்து வேக சிக்னல் வராவிட்டால் பி0500. இவையெல்லாம் பழைய வீட்டில் விட்டுவந்த சாமான்களின் பட்டியல்.

ஆனால் அத்தனையும் அப்படித்தான் என்று விட்டுவிட்டால் ஆபத்து. பி0171-ம் பி0174-ம் சேர்ந்து வந்தால் பெட்ரோலை விடக் காற்று அதிகமாகப் போவதாகக் கம்ப்யூட்டர் நினைக்கிறது என்று அர்த்தம். உடனே ஆக்சிஜன் சென்சாரை மாற்றிக் காசைக் கரைப்பவர்கள் உண்டு. முதலில் பார்க்க வேண்டியது புதிதாக வளைத்த காற்றுக் குழாயும் வேக்குவம் ஹோஸ்களும்தான். விளக்கு விட்டுவிட்டு மின்னினால் மிஸ்ஃபயர். எரியாத பெட்ரோல் போய் கன்வெர்ட்டரையே உருக்கிவிடும். ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்து, சீக்கிரம் ஓரங்கட்டணும்.

சிலர் கம்ப்யூட்டருக்குள் புகுந்து, வேண்டாத கோடுகளை அணைத்துவிடுகிறார்கள். 240இசட்டுக்குக் கலிஃபோர்னியாவில் புகைச் சோதனை கிடையாது, 1975 வரையிலான கார்களுக்கு விலக்கு. 1985 மாடல் காரில் அதே இன்ஜினைப் போட்டால் கதை வேறு: கமாரோவின் மாசுக் கட்டுப்பாட்டுச் சாமான்கள் அத்தனையும் கூடவே வரணும், 'ரெஃப்ரி' எனப்படும் அரசு அங்கீகார ஆய்வாளரிடம் காட்டி ஸ்டிக்கர் வாங்கணும். சோதனைக்கு முந்தின நாள் கோடுகளை அழித்துவிட்டுப் போகலாமே என்றால், அழித்த கையோடு கம்ப்யூட்டரின் சுயசோதனைப் பதிவுகளும் காலியாகிவிடும். ஆய்வாளர் சாக்கெட்டில் கருவியை மாட்டியதும் முதலில் பார்ப்பதில் அதுவும் ஒன்று.